5 லட்ச ரூபாய் கார்டு பிரசவத்துக்குச் செல்லுமா?

அரசின் 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் கார்டு வாங்கியாயிற்று, இனி வீட்டுப் பக்கத்து நர்சிங் ஹோமிலேயே காசில்லாமல் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் நிறைய. வலி வந்து, ஆட்டோ பிடித்து, கவுன்டரில் கார்டை நீட்டும்போதுதான் "இது டெலிவரிக்கு வராதும்மா, அட்வான்ஸ் கட்டுங்க" என்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் வாதாட மாட்டார்கள். தாலியையோ வண்டியையோ அடகு வைத்துக் கட்டிவிடுவார்கள்.

கார்டு போலி இல்லை, கவுன்டரில் இருப்பவரும் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. வருமா வராதா என்று தெரியாத பெரிய செலவுக்காக ஏற்பட்டது காப்பீடு. பிரசவமோ நாள் குறித்துக்கொண்டு வருவது. அதனால் அரசு இதை மூன்று வாய்க்காலாகப் பிரித்துவிட்டிருக்கிறது. சுகப்பிரசவமும் வழக்கமான சிசேரியனும் அரசு மருத்துவமனையில் இலவச சேவை. இதற்குக் காப்பீட்டுக் கார்டே தேவையில்லை. தாய்க்கோ குழந்தைக்கோ சிக்கல் முற்றி, அரசு மருத்துவமனையால் முடியாமல் போனால் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு. வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுச் சம்பளமும் உதவித்தொகைகளும். ஒவ்வொன்றுக்கும் கவுன்டர் வேறு, காகிதம் வேறு. ஒன்றின் காகிதத்தை இன்னொன்றின் கவுன்டரில் நீட்டுவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கும் காரணம்.

முதல் காகிதம்: தாயி கார்டு

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் போகவேண்டிய இடம் உங்கள் பகுதியின் நகர ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே தருவதுதான் தாயி கார்டு. பார்க்கச் சாதாரணக் குறிப்பேடு மாதிரி இருப்பதால் பலரும் அதைப் பீரோவில் போட்டுவிட்டு, பளபளப்பான ஆயுஷ்மான் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். பிரசவத்தைப் பொறுத்தவரை மதிப்பு நேர்மாறு. இந்தக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஆர்.சி.எச். எண்ணை, அதாவது கர்ப்பிணிக்கான அரசுப் பதிவு எண்ணை, வைத்துத்தான் பிறகு வரும் பாதி வேலைகள் நடக்கும்.

12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், கைபேசி எண் இவற்றைக் கேட்பார்கள். ஆதாரில் திருவண்ணாமலை முகவரியோ கிருஷ்ணகிரி முகவரியோ இருந்தால் பரவாயில்லை; பரிசோதனை செய்ய முடியாது என்று அதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது. கன்னடம் தடுமாறினால் உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழ் பேசும் ஊழியர்களும் கிடைப்பார்கள்.

குறைந்தது நான்கு பரிசோதனைகள். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், சிறுநீர். இவற்றோடு ரத்தவகை, சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி சோதனைகளும், டி.டி. ஊசியும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். எல்லாம் இலவசம். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி, பிரதமர் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ், நான்காம் மாதம் தொடங்கி எல்லாக் கர்ப்பிணிகளையும் அரசு மையங்களில் டாக்டரே பார்க்கவேண்டும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

சிக்கலான கர்ப்பம் என்று தெரிந்தால் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஹீமோகுளோபின் 7க்குக் கீழ், ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவம் சிசேரியன், குழந்தை குறுக்கே இருப்பது, தாயின் ரத்தவகை நெகட்டிவ் போன்றவை இதில் அடங்கும். சிவப்பைப் பார்த்துப் பயந்து கிழித்துவிட்டவர்களும் உண்டு. கிழிக்காதீர்கள். எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்ய உதவுவது அதுதான். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு மாநகராட்சியின் மகப்பேறு மனைகளும் ரெஃபரல் மருத்துவமனைகளும் போதும். சிவப்பு ஸ்டிக்கர் என்றால் நேராகப் பெரிய இடம்: கோட்டைப் பக்கம் 1935 முதல் இயங்கும் வாணி விலாஸ், சிவாஜிநகரில் பௌரிங், கோஷா மருத்துவமனைகள், மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல். எட்டாம் மாதமே ஒருமுறை போய் அங்கே சீட்டுப் போட்டு வைத்தால், வலி வந்த இரவில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையில் எது எது இலவசம்

2011 ஜூன் 1 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கும் ஜனனி சிசு சுரட்சா காரியக்ரம், அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான பி.பி.எல். ரேஷன் கார்டு இருக்கிறதா என்ற கேள்வியே இதில் கிடையாது. சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பஞ்சு முதல் தையல் நூல் வரை எல்லாப் பொருள்களும், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம் என அத்தனையும் காசில்லாமல். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸ், பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குக் கொண்டுவிட கர்நாடகத்தில் 'நகு மகு' வண்டி. பிறந்த குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால் அந்தச் சிகிச்சையும் இதிலேயே வரும். முதலில் 30 நாள் வரை என்று இருந்ததைப் பிறகு ஒரு வயது வரை நீட்டியிருக்கிறார்கள்.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் கை காசு கரைவது ஏன்? பெரும்பாலும் மூன்று ஓட்டைகள் வழியாக. "மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிட்டு வாங்க" என்ற துண்டுச்சீட்டு முதலாவது. ஸ்கேன் இயந்திரம் பழுது, எதிர்க்கடையில் எடுத்து வா என்பது இரண்டாவது. வார்டில் குழந்தையைக் காட்டுவதற்கும், துடைத்து விடுவதற்கும் கேட்கும் 'சந்தோஷக் காசு' மூன்றாவது. முதல் இரண்டில் சீட்டை மருத்துவமனையின் காகிதத்தில், மருந்தின் பெயரோடும் தேதியோடும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரவேண்டும் என்றதும் ஸ்டாக் கிடைத்துவிடுவது அதிசயமில்லை. மூன்றாவதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. மாநில சுகாதார உதவி எண் 104, அங்கே புகார் சொல்லலாம்.

இனி 5 லட்ச ரூபாய் கார்டு

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. கர்நாடகம் தன் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தை அதோடு இணைத்து நடத்துகிறது. பொறுப்பு சுவர்ண ஆரோக்கிய சுரட்சா டிரஸ்ட்டிடம். பி.பி.எல்., அந்தியோதயா ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. தலைக்கு 5 லட்சம் கிடையாது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகை. மாமனாருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தால் மீதி எவ்வளவு என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பில்லை, முன்பே இருந்த நோய்க்கும் தடையில்லை. வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளோருக்கான ஏ.பி.எல். கார்டு என்றால் கதை வேறு: சிகிச்சைக்கென அரசு நிர்ணயித்த தொகையில் 30 சதவீதத்தை மட்டும் அரசு தரும், அதுவும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. மீதி 70 சதவீதம் நம் பாடு. 'ஆயுஷ்மான் கார்டுதானே, எல்லாம் ஃப்ரீ' என்று நம்பிப் போய் அதிர்ச்சி அடைபவர்களில் பலர் ஏ.பி.எல். குடும்பத்தினர்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 14 இலக்க எண்ணோடு 'ஆபா' என்றொரு கார்டைச் செல்போனிலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது. அது உங்கள் மருத்துவக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண், அவ்வளவுதான். ஒரு ரூபாய்க்குக்கூடக் காப்பீடு கிடையாது. 'பெங்களூர் ஒன்' மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கார்டு எடுக்கும்போது, ரேஷன் கார்டு எண்ணைக் கேட்டார்களா என்று பாருங்கள். கேட்காமல் ஆதாரை மட்டும் வைத்து எடுத்துக் கொடுத்தால் அது ஆபாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காப்பீடு மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு மட்டும்தான். மாதாந்திரப் பரிசோதனை, தனியார் ஸ்கேன், டானிக் எதுவும் வராது. படுக்கையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீட்டுக்கு வந்த பிறகு 15 நாள் மருந்துச் செலவு உள்ளடக்கம். அரசு மருத்துவமனையில் செய்ய முடிந்த சிகிச்சையை அங்கேதான் செய்துகொள்ளவேண்டும். முடியாதபோது அவர்கள் தரும் ரெஃபரல் சீட்டோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். சுகப்பிரசவம் எந்த அரசு மருத்துவமனையிலும் முடியக்கூடியது. நர்சிங் ஹோம் கவுன்டரில் கார்டு செல்லாமல் போவதன் காரணம் இதுதான்.

அப்படியானால் பிரசவத்தில் இந்தக் கார்டுக்கு எப்போது வேலை வரும்? பெரும்பாலும் குழந்தைக்காக. எட்டாம் மாதத்திலேயே பிறந்து மூச்சுத் திணறும் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் இடம் இல்லாவிட்டால், தனியார் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் பில் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதற்கு இந்தத் திட்டத்தில் தனித் தொகுப்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு ஆதார் இராது என்பதால் பெற்றோரின் கார்டில் வைத்துத்தான் பதிவு செய்வார்கள். அன்று காலை ஓடிப்போய்க் கார்டு எடுக்க முடியாது. ஏழாம் மாதத்துக்குள் தாய், தந்தை இருவர் கார்டும் கையில் இருக்கட்டும்.

ரெஃபரல் சீட்டில் நோயின் பெயர், ஏன் இங்கே முடியாது, டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி, நேரம் இருக்கவேண்டும். 'உயர் சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். எந்தத் தனியார் மருத்துவமனை என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லாப் பிரிவும் இருக்கிறது என்று பொருள் இல்லை. இதய ஆபரேஷனுக்கு மட்டும் சேர்ந்துவிட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேராத இடங்கள் உண்டு. உயிர் போகிற அவசரம் என்றால் ரெஃபரல் இல்லாமலே சேர்க்கலாம், அதற்கெனச் சிகிச்சைப் பட்டியல் தனியே உள்ளது.

தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பணம் கட்டுமிடத்துக்குப் போகாதீர்கள். ஆரோக்கிய மித்ரா எங்கே என்று கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கென்றே உட்கார்ந்திருக்கும் ஊழியர் அவர். கார்டைச் சரிபார்த்து, ஆன்லைனில் முன் அனுமதி வாங்கித் தருவது அவர் வேலை. சாதாரண நோயாளியாகப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் பிறகு திட்டத்துக்கு மாற்றுவது கடினம், கட்டிய காசும் திரும்பாது. இது கட்டிவிட்டுப் பின்னால் வாங்கும் காப்பீடு அல்ல. அனுமதி வந்தபின் டெபாசிட், கையுறைக் காசு, 'வித்தியாசத் தொகை' என்று பி.பி.எல். குடும்பத்திடம் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் ரசீது கேளுங்கள், அங்கிருந்தே 14555க்குப் போன் போடுங்கள்.

ரேஷன் கார்டும் இனிஷியலும்

இத்தனைக்கும் அடியில் இருப்பது ரேஷன் கார்டு. கல்யாணமாகி வேலூரிலிருந்து பெங்களூர் வந்த பெண்ணின் பெயர் இன்னும் அப்பா வீட்டுத் தமிழ்நாட்டுக் கார்டிலேயே இருக்கும். கணவர் வீட்டு பி.பி.எல். கார்டில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தின் காப்பீட்டில் அவள் இல்லை. முதலில் அங்கே பெயர் நீக்கம், பிறகு இங்கே பெயர் சேர்ப்பு. இரண்டு கார்டிலும் இருந்தால் ஆதார் காட்டிக் கொடுத்துவிடும். கல்யாணப் பத்திரிகை அடித்த கையோடு இதையும் செய்துவிட்டால் நல்லது. கர்ப்பமான பிறகு தொடங்கினால் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகுதான் முடிகிறது.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பிப் பெங்களூர் மருத்துவமனையில் சேராதீர்கள். ஊர்விட்டு ஊர் செல்லும் வசதி ஆயுஷ்மான் திட்டத்தின் மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கே உறுதி. மாநிலம் தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நம் குடும்பம் எந்த வகை என்பதை அதே 14555இல் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து நம்மவர்களுக்கே உரிய தலைவலி, இனிஷியல். ஆதாரில் 'எம். லட்சுமி', பாஸ்புக்கில் 'லட்சுமி முருகன்', தாயி கார்டில் 'லக்ஷ்மி' என்று இருந்தால் கணினிக்கு இவர்கள் மூன்று பெண்கள். எல்லாவற்றையும் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கணவர் பெயரைக் கல்யாணத்துக்குப் பின் சேர்க்கும் ஆசை இருந்தால் அதையும் ஆதாரிலிருந்து தொடங்குங்கள், தாயி கார்டிலிருந்து அல்ல.

கார்மென்ட்ஸ் வேலையில் இருந்தால்

பீன்யாவிலோ ஓசூர் ரோட்டிலோ தையல் ஆலைக்குப் போகிறவர்களிடம் இருக்கும் ஈ.எஸ்.ஐ. மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பலமானது என்பது எங்கள் கணிப்பு. ஆனால் அதைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தாமல் வேலையை விட்டுவிட்டுப் போகிற பெண்கள்தான் அதிகம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் போடும். பெற்றுக்கொள்வது: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். மூன்றாவது குழந்தைக்கு 12 வாரம். கரு கலைந்துவிட்டால் 6 வாரம். கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால் கூடுதலாக 4 வாரம். ராஜாஜிநகர், இந்திராநகர், பீன்யா ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் சிகிச்சையும் தனி.

நிபந்தனை 70 நாள் சந்தா. எந்த 70 நாள் என்பதில்தான் குழப்பம். ஆண்டை ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என இரண்டாகப் பிரித்துச் சந்தாக் கணக்குப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு ஏப்ரலிலிருந்து இந்த ஆண்டு மார்ச் வரையுள்ள 12 மாதத்தில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கவேண்டும். பிப்ரவரியில் பிரசவம் என்றால், அதற்கு முந்தைய செப்டம்பரோடு முடிந்த 12 மாதம். வாந்தி, மயக்கம் என்று மூன்றாம் மாதமே வேலையை விடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆலை மாறும்போது பழைய 10 இலக்கக் காப்பீட்டு எண்ணையே புதிய இடத்தில் கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் பழைய நாள்கள் கணக்கில் சேராமல், 70 என்பது 40, 30 என்று உடைந்துபோகும். கணவருக்கு மட்டும் ஈ.எஸ்.ஐ. இருந்தால் மனைவிக்குச் சிகிச்சை உண்டு, 26 வாரச் சம்பளம் கிடையாது. ஈ.எஸ்.ஐ. வசதி இல்லாத ஊரில் பிரசவமானால் 7,500 ரூபாய் பிரசவச் செலவாகக் கிடைக்கும்.

கைக்கு வரும் பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய்: பதிவும் ஒரு பரிசோதனையும் ஆனதும் 3,000, பிறப்புப் பதிவும் 14 வாரத் தடுப்பூசி வரையும் முடிந்ததும் 2,000. இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ஒரே தவணையில். விண்ணப்பம் அங்கன்வாடியில். ஜனனி சுரட்சா திட்டத்தில் பி.பி.எல். பெண்களுக்கு நகரத்தில் 600, கிராமத்தில் 700 ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் பெண், கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 50,000 ரூபாய் உதவி இருக்கிறது. கணவர் பெயரில் மட்டும் பதிவு செய்து, பக்கத்தில் கல் சுமக்கும் மனைவியைப் பதிவு செய்யாமல் விடுவதால் இழக்கும் தொகை இது.

பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் வந்திருக்கும், வேறு கணக்குக்கு. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும், படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்றால்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். அப்போது வளையல் பெட்டியோடு தாயி கார்டு, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டு, ரத்தவகைச் சீட்டு, ஆதார், கார்டுகள் எல்லாம் ஒரே பையில் போகட்டும். போய்ச் சேர்ந்த வாரமே கிராம சுகாதார நர்சைப் பார்த்து, ஆர்.சி.எச். எண்ணைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. 102க்குப் போன் செய்தும் பதியலாம். அங்குள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் என்று கேள்விப்பட்டு ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் அதன் முதல் தவணையே 12 வாரத்துக்குள் அங்கே பதிவு செய்தவருக்கு என்பதால், எட்டாம் மாதம் போய் இறங்குபவர் முழுத் தொகையை எதிர்பார்க்க முடியாது. இரண்டு மாநிலத்திலும் மாத்ரு வந்தனாவுக்கு விண்ணப்பித்தால் ஒரே ஆதார் என்பதால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். பெங்களூரில் தொடங்கியிருந்தால் பெங்களூரிலேயே முடியுங்கள்.

பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த ஊரில்தான், 21 நாளுக்குள் கட்டணமில்லை. மருத்துவமனையே விவரத்தை அனுப்பிவிடும். அனுப்பும் முன் தாய், தந்தை பெயர்கள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டே பதியலாம், 12 மாதத்துக்குள் காசில்லாமல் சேர்க்க முடியும். பெங்களூர் திரும்பியதும் அந்தச் சான்றிதழைக் காட்டிக் குழந்தையை ரேஷன் கார்டில் ஏற்றுங்கள், 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டில் குழந்தையின் பெயர் சேர்வது அந்தக் கார்டு வழியாகத்தான்.